மனைவழிபாடும் இராமலிங்க சுவாமிகளும்

சிவமயம்

உயிர்கள் அநாதியே ஆணவமலத்தாற் பிணிப்புண்டு கிடத்தலின், அப்பிணிப்பினின்றும் அவற்றை விடுவித்தற்பொருட்டு, இறைவன் குருவும் இலிங்கமும் சங்கமமுமாகிய மூவிடத்தும் எழுந்தருளி நின்று வழிபாடு கொண்டருளுகின்றான் என்பது சைவசித்தாந்தத் துணிபு. அவ்வழிபாடுதான் இருவகைப்படும். உலகநலங் கருதித் திருக்கோயிலின்கண் சிவாசாரியர் செய்வது பரார்த்த பூசை. தன் ஆன்மநலங் கருதி ஒருவன் தன் மனையகத்தே செய்வது ஆன்மார்த்த பூசை. முன்னையது ஊரார் பலருடைய உதவியால் நடைபெறுவது. அது தளர்ந்தால் ஊர் அறியும். பின்னையது ஒருவன் தன் கையாலும் தன் நெஞ்சாலும் நடத்தவேண்டுவது. அது தளர்ந்தால் அம்மனையிலுள்ளாரன்றிப் பிறர் எவரும் அறியார். ஆதலின், நம்மவருள் கோயில்களைப் புதுக்குவார் பலராயிருந்தும், மனைவழிபாடு நாளுக்குநாள் குறைந்து வருதல் பலர் கருத்தையும் கவராதிருக்கின்றது.

இக்குறைபாடு மிகுதியும் காணப்படுவது தொழிற்பேரூர்களிலேயாம். கடலூர் மாவட்டத்து நெய்வேலியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அங்கே அமைக்கப்பெற்றது. 1957-ஆம் ஆண்டில் சுரங்கவேலை தொடங்கிற்று. சுரங்கம் விரியவிரியச் சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட நகரியத்தில் ஒரே அளவினவாகக் கட்டப்பெற்ற வீடுகளில், பற்பல ஊர்களினின்றும் வந்தோர் குடியேறினர். இல்லத்தலைவன் ஒருவாரம் பகலிலும், ஒருவாரம் மாலையிலும், ஒருவாரம் நள்ளிரவிலும் ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்கின்றான். ஏனையோர் விழிக்கும் வேளை அவன் உறங்கும் வேளையாகின்றது. சந்தியாகாலம் மூன்றும் தவறாது நியமம் நடத்துதல் இத்தகையானுக்கு எங்ஙனம் கூடும்? கூடாமையின் அவருட் சிலர், விதி முழுதும் இயலாதவிடத்துப் பூசையே தொடங்காமை நன்று என்று ஒழிந்திருக்கின்றனர். வேறு சிலர், அண்மையிலுள்ள வடலூரைச் சுட்டி, இராமலிங்க சுவாமிகள் சடங்குகளையெல்லாம் விலக்கிவிட்டாராதலின் தமக்கும் ஒன்றும் வேண்டுவதில்லை என்று கூறி அமைகின்றனர். முன்னவர் விதியின் பெயரால் வழிபாட்டைக் கைவிட்டார். பின்னவர் ஒரு பெரியாரின் பெயரால் அதனைக் கைவிட்டார். ஆதலின் அப்பெரியாருடைய வாழ்க்கையில் மனைவழிபாடு எங்ஙனம் தோன்றி எங்ஙனம் வளர்ந்தது என்பதனை யாம் ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

தோற்றமும் இளமையும்

சிதம்பரத்திற்கு வடமேற்கே மருதூர் என்னும் சிற்றூரில், சுபானு வருடம் புரட்டாதித் திங்கள் 21-ஆம் நாள், அஃதாவது 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், இராமையா பிள்ளை என்பார்க்கும் சின்னம்மை என்பார்க்கும் ஐந்தாவது மகவாகச் சுவாமிகள் தோன்றினார். தந்தையார் ஊர்க்கணக்கு எழுதுதலும் சிறுவர்க்குக் கல்வி கற்பித்தலும் செய்துவந்தவர். ஐந்து திங்கட் குழவியாயிருந்தபோது பெற்றோர் அவரைத் தில்லைக்கு எடுத்துச் சென்றனர் என்றும், ஆங்குச் சிற்சபையில் திரை நீங்கக் கண்டு குழவி நகைத்தது என்றும் வரலாறு கூறுவர். அதன்பின் நெடுநாட் செல்லுமுன் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். அம்மையார் மக்களுடன் தாம் பிறந்த ஊராகிய பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்திற்குச் சென்று, அங்கிருந்து சென்னையை அடைந்து, ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளை தெருவிற் குடியிருந்தனர்.

மூத்த தமையனாராகிய சபாபதி பிள்ளை காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் பாடங்கேட்டவர். புராண விரிவுரை செய்து அதனால் வரும் பொருளைக்கொண்டு குடும்பத்தை நடத்தியவர். தம்பியும் தம்மைப்போற் கற்றுத் தேறவேண்டும் என்னும் ஆசையால் அவர் தம் ஆசிரியரிடமே இவரையும் அனுப்பினார். இவரோ பாடத்திற் கருத்தூன்றாது கந்தகோட்டத்து முருகன் திருமுன்பே பொழுதைப் போக்கினார். தமையனார் சினந்து, இவரை வீட்டிற் சேர்க்கலாகாதென விதித்தார். தமையனார் மனைவியாராகிய பாப்பாத்தி அம்மையார் மட்டும் கணவர் அறியாதவாறு கொல்லைப்புறமாக இவரை வருவித்து உணவளித்து வந்தனர். ஒருநாள் அவ்வம்மையார் கண்ணீர் வார நின்று, வீட்டிலிருந்து படிக்குமாறு இரந்து வேண்டினார். சுவாமிகள் அதற்கு இசைந்து, தமக்கென ஓர் அறை வேண்டுமென்று கேட்டார். மாடியில் ஓர் அறை ஒழித்துக் கொடுக்கப்பட்டது.

அறையும் கண்ணாடியும்

அவ்வறையிற் சுவாமிகள் செய்தது யாதெனின், புத்தகங்களை ஒருபால் வைத்து, சுவரில் ஒரு கண்ணாடியை நிறுவி, அதற்கு மாலை சாத்தி, முன்னே தீபம் ஏற்றி, கற்பூரங் காட்டி வழிபடத் தொடங்கியதேயாம். அப்பொழுது அவர்க்கு வயது ஒன்பது. உருவமில்லாத அக்கண்ணாடியிலே திருத்தணிகைப் பெருமான் திருவுருவம் தமக்குத் தோன்றியருளியதாகச் சுவாமிகள் தாமே பின்னர்ப் பாடியுள்ளார்.

இந்நிகழ்ச்சியைச் சித்தாந்த நெறிநின்று நோக்குவோமாயின் ஓருண்மை புலனாம். உயிரானது தான் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. செம்மலரின் பக்கலில் வைத்த பளிங்கு சிவந்து தோன்றுமாறு போல்வது. உலகத்தைச் சார்ந்தவழி உலகமாயும், சிவத்தைச் சார்ந்தவழிச் சிவமாயும் விளங்குவது. கண்ணாடியின் முன் நிற்பவன் சாதாரணமாகக் காண்பது தன் முகத்தையே. தன் முகத்தைக் காணவேண்டுமிடத்து இறைவன் முகத்தைக் காண்பதாயின், நோக்குபவனுடைய நெஞ்சம் முன்னரே இறைவனைச் சார்ந்து நின்றிருத்தல் வேண்டும். சென்னை நகரத்து நெருக்கமான தெருவொன்றில், பிறர் பொருளிற் பிழைக்கும் ஒரு சிறுவனுக்கு வாய்த்த அறை அது. பொன்னும் மணியும் ஆங்கில்லை. வேளையும் தூய்மையும் ஓர்மையுமே இருந்தன.

இதனால் ஆகமங் கூறும் பூசைவிதி வேண்டாவென்பது எம் கருத்தன்று. ஆன்மார்த்த பூசைக்குரிய முறை பெரியோரால் நன்கு வகுக்கப்பட்டது. ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி என்னும் ஐந்தும் முடித்தே பூசை தொடங்கல்வேண்டும். சிவலிங்கத்தை எழுந்தருளுவித்துப் பூசிக்கும் உரிமை விசேடதீக்கையால் வருவது. சமயதீக்கை பெற்றார் திருவைந்தெழுத்து ஓதி நியமம் நடத்துதற்கு உரியர். இவ்வுரிமைகள் படிமுறையால் அமைந்தனவே யன்றி, எவரையும் வாயிலில் நிறுத்துதற்கு அமைந்தனவல்ல. தீக்கை பெறாதார்க்கும் திருவலகிடுதல், மலர் தொடுத்தல், விளக்கேற்றுதல், தோத்திரம் ஓதுதல் முதலாகிய சரியைத் தொண்டுகள் உரியனவாகவே விதிக்கப்பட்டன. ஒன்பது வயதுச் சிறுவர் மேற்கொண்டது இச்சரியையையேயாம். முடியாததை முன்னிட்டு முடிவதைக் கைவிடுவோர் இதனைச் சிந்திப்பாராக.

ஒற்றியூர் வழிபாடு

சிலநாட் சென்றபின், முத்தியாலுப்பேட்டையில் சோமு செட்டியார் என்பார் இல்லத்திற் பெரியபுராண விரிவுரை செய்துவந்த தமையனார்க்கு உடல்நலங் குன்றிற்று. ஒருநாளைக்குச் சில பாடல்களை மட்டும் வாசித்து வருமாறு தம்பியை அனுப்பினார். சென்ற சிறுவர் திருஞானசம்பந்தர் பெருமையை நள்ளிரவுவரை விரித்துரைக்க, அவையோர் வியந்தனர். பின்னர் அவரையே தொடர்ந்து சொல்லும்படி வேண்டினர். சம்பந்தப் பெருமானையே சுவாமிகள் தமக்குக் குருவாகக் கொண்டவர் என்பது அவர் பாடல்களால் அறியப்படும்.

அதன்பின் திருவொற்றியூர் வழிபாடே அவர் வாழ்க்கையாயிற்று. ஏழுகிணற்றிலிருந்து ஒற்றியூருக்கு நடந்து சென்று, தியாகேசரையும் வடிவுடையம்மையையும் தொழுது மீளுதல் பல்லாண்டுகள் நடந்தது. ஓரிரவு காலந்தாழ்த்து வந்து, கதவு தாழிடப்பட்டிருத்தலைக் கண்டு, பசியோடு திண்ணையிற் படுத்துறங்கினாராக, அம்மையே அண்ணியார் வடிவில் வந்து உணவளித்தனள் என்று கூறுவர். கோயிலில் வழிபடப்பட்ட தெய்வம் வீட்டு வாயிலில் வந்து பசி தீர்த்ததாகச் சொல்லும் இவ்வரலாற்றை யாம் சிறிதும் எளிதாகக் கருதோம். சுவாமிகள் பின்னாளிற் பசிதீர்த்தலையே தலையாய வழிபாடாகக் கொண்டதற்கு வித்து ஈண்டே தோன்றுகின்றது.

1850-ஆம் ஆண்டில் உறவினர் வற்புறுத்தலால் தமக்கையார் மகளாகிய தனக்கோடி அம்மையாரை மணந்தார். மணநாளிரவிலும் திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தனர் என்பர். 1851-இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் முதலிய மாணாக்கரும் இக்காலத்தே வந்து சேர்ந்தனர்.

கருங்குழி விளக்கு

1858-ஆம் ஆண்டளவிற் சுவாமிகள் சென்னையை நீங்கிச் சிதம்பரம் சென்று, தில்லைவழிபாட்டிற்கு அணித்தாக இருத்தல் கருதி, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பார் இல்லத்தில் வந்தமர்ந்தார். ஒன்பதாண்டுகள் அவ்வில்லமே அவர்க்கு உறைவிடமாயிற்று.

அங்கு நடந்த ஒரு நிகழ்ச்சி பலரும் அறிந்ததாயினும், மனைவழிபாடு பற்றிப் பேசுமிடத்து விடுதற்கரியது. சுவாமிகள் அறையில் இரவு முழுதும் ஒரு விளக்கு எரியும். அருகில் எண்ணெய்க்கலயம் இருக்கும். கலயம் உடைந்தமையால், ரெட்டியார் மனைவியார் முத்தியாலம்மையார் புதிய கலயம் ஒன்று கொணர்ந்து, அது பழகுதற்பொருட்டு நீர் நிரப்பி வைத்து, எண்ணெய் வார்க்க மறந்து அயலூர் சென்றனர். சுவாமிகள் எழுத்திலும் நினைவிலும் ஆழ்ந்திருந்தவர், சுடர் மங்குந்தோறும் கலயத்து நீரையே எண்ணெயென்று கருதி வார்த்தனர். விளக்கு விடியுமளவும் எரிந்தது.

திருவாரூர் அரநெறியில் நமிநந்தியடிகள் குளத்து நீரை முகந்து விளக்கெரித்த வரலாற்றைப் பெரியபுராணம் ஓதுவார் அறிவர். எண்ணெய்க்குப் பொருளின்றித் தம் குருதியை வார்க்கத் துணிந்த கலியநாயனாரோ, சுவாமிகள் நெடுநாள் தொழுத ஒற்றியூரிலேயே விளக்குத்தொண்டு செய்தவர். திருவிளக்கிடுதல் நம் சமயத்திற் சிறுதொண்டன்று என்பதற்கு இவர்களே சான்று. நீர் எரிந்ததா என்று ஆராய்வார் ஆராய்க. நமக்குப் பயன்படுவது அவ்வற்புதமன்று. இரவு முழுதும் சுடர் மங்கவிடாது காத்த அக்கருத்தேயாம். அற்புதம் இறைவன் செயல். சுடரைக் காத்தல் அடியார் செயல். நம்மாற் செய்யக்கூடியது பின்னதே.

ஈண்டு மற்றொன்றும் கருதற்பாலது. சுவாமிகள் தமக்கென ஒரு மனை உடையவரல்லர். இளமையில் இருந்தது தமையனார் இல்லம். கருங்குழியில் இருந்தது ரெட்டியார் இல்லம். இறுதியில் இருந்த மேட்டுக்குப்பத்து மாளிகையும் அன்பர் உதவியது. மருதூரினின்று சின்னக்காவணம், சென்னை, கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் என இடம் பெயர்ந்துகொண்டேயிருந்த ஒருவர், சென்றவிடமெல்லாம் ஓரறையும் ஒரு விளக்குமாக வழிபாட்டை உடன்கொண்டு சென்றனர். சுரங்கத்திற்கு நிலம் விடுத்து வந்தோரும், வேலையின்பொருட்டு ஊர்விட்டு வந்தோரும் நிறைந்த நெய்வேலிக்கு இதனினும் பொருந்திய படிப்பினை யாம் அறியோம். ஊர்க்கோயிலை உடன் எடுத்துச் செல்லுதல் அரிது. வீட்டுவிளக்கை எடுத்துச் செல்லுதல் எளிது. குடிபெயர்ந்தான் அதனையும் விட்டுப் போவானாயின் அவன் பிள்ளைகட்கு எஞ்சுவது யாது?

சாலையும் அடுப்பும்

1865-ஆம் ஆண்டிற் சுவாமிகள் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867-ஆம் ஆண்டில் அவர்தம் பாடல்களின் முதல் நான்கு பகுதிகள் தொழுவூர் வேலாயுத முதலியாரால் திருவருட்பா என்னும் பெயரோடு வெளியிடப்பெற்றன. அவ்வாண்டே, பிரபவ வருடம் வைகாசித் திங்கள் 11-ஆம் நாள், அஃதாவது மே 23-ஆம் நாள், வடலூரிற் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்குரிய 80 காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்புத்தீ இன்றளவும் அவியாது காக்கப்பட்டு வருகின்றது. சாதி, சமயம், ஊர் என்னும் வேறுபாடு நோக்காது, பசித்து வந்தார் யாவர்க்கும் ஆங்கு உணவளிக்கப்படுகின்றது.

சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலிற் சுவாமிகள் விரித்த கொள்கை, பிறவுயிரின் பசியைக் கண்டு உருகி அதனை நீக்குதலே இறைவன் அருளைப் பெறுதற்குரிய முதன்மையான வழி என்பதாம். சித்தாந்தம் கூறும் சங்கமவழிபாடு அடியாரைச் சிவனெனக் கண்டு போற்றுதல். மாகேசுர பூசையில் அடியார்க்கு அமுதூட்டுதல் அதன் உறுப்பாகும். நள்ளிரவில், மழையில், விதைத்த நெல்லை வாரிவந்து விருந்தோம்பிய இளையான்குடிமாற நாயனாரின் மனை அவ்வழிபாட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு. சுவாமிகள் அதனை அடியார் என்னும் எல்லையினின்றும் விரித்துப் பசியுடைய உயிர் யாவற்றின்மாட்டும் செலுத்தினார். இவ்விரிவு மரபிற்கு ஒக்குமோ என்று வினவுவாருளர். எல்லா உயிரினுள்ளும் இறைவன் நீக்கமற நிறைந்துள்ளான் என்று நாடோறும் ஓதும் நாம், பசித்தவன் வயிற்றினுள்ளும் அவன் உளன் என்பதை மறுத்தல் எங்ஙனம்? வீட்டினுள்ளே நிவேதனம் செய்து, வாயிலில் வந்து நின்றானை வெறுங்கையனாய்ப் போக்கும் பூசை குறையுடைத்து என்பதே சுவாமிகள் வாழ்க்கையால் யாம் பெறுவது.

இல்லறத்தார் அன்றாடம் நடக்கவேண்டிய முறையையும் நித்தியகரும விதி என்னும் குறிப்பிற் சுவாமிகள் வகுத்தார். ஞாயிறு தோன்றுமுன் துயிலெழுதல், திருநீறணிந்து சிறிதுபோது இறைவனைத் தியானித்தல், பல் துலக்கிக் குளித்தல், உணவில் அளவு காத்தல், பகலுறக்கம் நீக்கல் முதலியவை அதன்கட் கூறப்படுகின்றன. உடலோம்பலையும் உயிரோம்பலையும் வேறுபிரியாது ஒருங்கே வகுத்தது நோக்கத்தக்கது. சுவாமிகள் நியமங்களையெல்லாம் ஒழித்தார் என்பார்க்கு அக்குறிப்பு ஒன்றே விடையாம்.

சபையும் ஏழு திரையும்

1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள், பிரசோற்பத்தி வருடம் தைத்திங்கள் 13-ஆம் நாள், பூசநன்னாளில் வடலூர்ச் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கிற்று. எண்கோண வடிவினதாகிய அச்சபையில் வழிபடப்படுவது ஒரு தீபம். அதன் முன்னர்க் கண்ணாடி. அதன் முன்னர் ஏழு திரைகள். கருமை மாயாசத்தி, நீலம் கிரியாசத்தி, பசுமை பராசத்தி, செம்மை இச்சாசத்தி, பொன்மை ஞானசத்தி, வெண்மை ஆதிசத்தி, கலப்புநிறம் சிற்சத்தி எனப் பொருள் கூறுவர். தைப்பூசத்தில் ஏழும் நீங்கச் சோதி காணப்படும். மறைப்பு நீங்கியவழி அருள் விளங்கும் என்னும் சித்தாந்தப் பொருளையே இஃது கண்ணுக்குக் காட்டுவதாம். ஒன்பது வயதிற் கண்ணாடியின் முன் ஏற்றிய தீபமும், ஐம்பதாவது அகவையை அணுகுங்காலத்திற் கண்ணாடியின் பின் வைத்த தீபமும் ஒரு நெறியின் இரு முனைகளாம். இடையிற் சென்ற நாற்பதாண்டு வழிபாட்டை மறந்து முடிவை மட்டும் எடுத்துக்கொள்வார் ஏணியின் மேற்படியை மட்டும் வேண்டுபவரை ஒப்பர்.

அவ்வாண்டு சூலைத் திங்களிற் சுவாமிகள் விதித்த சபை வழிபாட்டு விதியில் ஆரவாரத்திற்கு இடமில்லை. விளக்கை உள்ளே எடுத்துச் செல்வோர் 12 வயதிற்கு உட்பட்டவராகவோ 72 வயதிற்கு மேற்பட்டவராகவோ இருத்தல்வேண்டும் என்றும், வழிபடுவோர் மெல்லிய குரலிலே துதித்தல்வேண்டும் என்றும் வகுத்தனர். அப்பணியைச் சிறுவரிடத்தும் முதியரிடத்தும் ஒப்புவித்தமை கருதற்குரியது. வீட்டிலும் இவ்விரு திறத்தாரே பொழுது வாய்த்தவர்கள். தந்தை இரவு வேலைக்குச் சென்றிருக்கும் மனையில், பாட்டியும் பேரனுமாக ஏற்றும் விளக்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று.

மேட்டுக்குப்பம்

1870-ஆம் ஆண்டு முதற் சுவாமிகள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் உறைந்தனர். 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ஆங்குச் சன்மார்க்கக் கொடி கட்டி நெடியதோர் உபதேசம் செய்தருளினார். அடுத்த சிலநாட்களில், தம் அறையினுள் எரிந்துகொண்டிருந்த தீபத்தைப் புறத்தே எடுத்து வைத்து, அதனைத் தடைபடாது வழிபட்டு வருமாறு அன்பர்க்குப் பணித்தனர். 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், சிறீமுக வருடம் தைத்திங்கள் 19-ஆம் நாள் இரவு, அறையினுட் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார். இறுதியாக அவர் அன்பர்க்கு அளித்துச் சென்றது ஒரு மாளிகையுமன்று, பொருளுமன்று. ஓரறையில் எரிந்த விளக்கேயாம்.

மாறுபாடு

நிற்க. சைவநன்மக்கள் சிலர் சுவாமிகளை ஐயுற்றமையையும் யாம் மறைத்தல் முறையன்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், பன்னிரு திருமுறைக்கு ஒப்பாக வேறு பாடல்களை வைத்தல் தகாதெனக் கொண்டு, 1869-ஆம் ஆண்டில் மறுப்பு வெளியிட்டார். அம்மாறுபாடு கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றம் வரையிற் சென்றது. 1905-ஆம் ஆண்டில் தோன்றிய சைவசித்தாந்த மகாசமாசத்தின் முன்னோடிகளுள் ஒருவராகிய மறைமலையடிகளோ அருட்பாவின் பக்கலில் நின்று வாதிட்டார். சுவாமிகள் தம் இறுதி உபதேசத்தில், முன்னர்த் தமக்கிருந்த சைவப்பற்றும் நீங்கிற்றெனக் கூறியதும் உண்மை. அவ்விடத்துச் சித்தாந்திகள் அவரோடு உடன்படுதல் இயலாது. உடன்படுவதாகக் காட்டுதலும் நேர்மையன்று.

ஆயினும் மனைவழிபாட்டளவில் இருவரையும் ஒருங்கு வைத்துக் காணின், நாவலர் சைவ வினாவிடை முதலிய நூல்களால் இல்லறத்தார்க்கு நியமத்தைக் கற்பித்தார். சுவாமிகள் அந்நியமத்தின் உயிர் இரக்கமே என்பதை நடந்து காட்டினார். நியமமில்லாத இரக்கம் நாளடைவில் பேச்சளவாய் ஒழியும். இரக்கமில்லாத நியமம் பழக்கமளவாய் நின்றுவிடும். ஒருவரைப் போற்றுதற்கு மற்றவரை இகழவேண்டுவதில்லை. இருவர் நூல்களையும் ஒரே அலமாரியில் வைத்துப் பயிலும் இல்லத்திற்கு யாதொரு குறையும் வாராது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சுவாமிகள் பெயரைச் சொல்லி வழிபாட்டை ஒழித்தல் அவர் வாழ்க்கைக்கே முரணாதல் பெறப்படும். அவர் கண்ணாடியிற் காண்பதற்குமுன் கந்தகோட்டத்தில் நின்று தொழுதார். சோதியை நிறுவுமுன் ஒற்றியூருக்கும் தில்லைக்கும் கால்தேய நடந்தார். சபையைத் திறக்குமுன் சாலையைத் திறந்து ஊரார் பசியை ஆற்றினார். நெஞ்சையே கோயிலாகக் கொண்டு வழிபட்ட மயிலை வாயிலார் நாயனார் நிலையும் நெடும்பயிற்சியால் எய்தப்படுவதன்றி, சோம்பலால் எய்தப்படுவதன்று.

நெய்வேலி போன்ற ஊர்களில் வாழும் அன்பர்கட்கு யாம் விண்ணப்பித்துக்கொள்வது சிறிதே. தீக்கை பெற்றார் தத்தம் நியமத்தை, வேலைநேரத்திற்கேற்பக் காலத்தை அமைத்துக்கொண்டேனும், கைவிடாது நடத்துக. பெறாதார் குளித்துத் திருநீறணிந்து, ஒரு தூய இடத்தில் விளக்கேற்றி, திருவைந்தெழுத்தைச் சிந்தித்து, ஒரு பதிகமேனும் பிள்ளைகளுடன் ஓதுக. இரவு வேலை முடித்து விடியலில் மீளுவோன், உறங்கச் செல்லுமுன் அவ்விளக்கின்முன் ஒரு நாழிகை இருப்பானாயின், அதுவே அவனுக்குச் சந்தியாகுக. நாடோறும் சமைக்கத் தொடங்கும்போது ஒருபிடி அரிசியை வேறாக எடுத்துவைத்து, பசித்தார் ஒருவர்க்கு அதனைப் பயன்படுத்துக. நிலத்தின் அடியிற் புதைந்து கிடக்கும் கரியை அகழ்ந்தெடுத்துத் தொலைவிலுள்ள ஊர்கட்கெல்லாம் ஒளி வழங்கும் மக்கள், தம் மனையகத்தே ஒரு சிறுசுடரை ஏற்றாதிருத்தல் தகுதியன்று.

மருதூரும் கருங்குழியும் வடலூரும் மேட்டுக்குப்பமும் நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்களே. ஓய்வுநாளில் குடும்பத்தோடு சென்று அவற்றைக் கண்டு, கருங்குழி இல்லத்து அறையில் சிறிதுபோது அமர்ந்து மீளுவார்க்கு, யாம் ஈண்டு எழுதியதனினும் மிகுந்த தெளிவு அவ்விடமே அளிக்கும். மீண்டபின் தம் வீட்டு விளக்கை ஏற்றுதல் அவர் கடன். அச்சுடரை உள்ளத்திலும் ஏற்றியருளுதல் தில்லையம்பலவாணன் திருவருள்.

திருச்சிற்றம்பலம்